புறஜாதியார் என்று பெயரெடுத்த யூதர்: யூட்டா ஆளுநர் சைமன் பாம்பெர்கர்

1916 நவம்பரில் அமெரிக்காவின் யூட்டா மாநில வாக்காளர்கள் தங்கள் நான்காவது ஆளுநராகச் சைமன் பாம்பெர்கரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் ஜெர்மனியில் பிறந்தவர், யூதர், விடுதி, சுரங்கம், ரயில் பாதை என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கைவைத்துப் பெரும்பொருள் ஈட்டிய முதலாளி, எழுபது வயதைக் கடந்துவிட்டவர். வாக்களித்தவர்களோ பெரும்பாலும், அமெரிக்காவிலேயே தோன்றிய கிறிஸ்தவக் கிளையான மோர்மன் சமயத்தார். அந்த மாநிலத்துக்கு அதுவரை அமைந்த மூன்று ஆளுநர்களும் மோர்மன்கள். மூவரும் குடியரசுக் கட்சிக்காரர்கள். பாம்பெர்கர் மோர்மனும் அல்லர், குடியரசுக் கட்சியும் அல்லர். ஜனநாயகக் கட்சியிலிருந்து யூட்டாவில் ஆளுநரான முதல் ஆள் அவர்தான்.

ஆளுநர் என்றதும் தில்லியிலிருந்து அனுப்பப்பட்டு மாளிகையில் வீற்றிருக்கும் பதவியை நினைத்துவிடக் கூடாது. அமெரிக்காவில் மாநில ஆளுநர் என்பவர் மக்கள் நேரடியாக வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஆட்சித் தலைவர். நம் முதலமைச்சரைப் போன்ற அதிகாரம் அவருக்கு உண்டு. சட்டமன்றம் இயற்றும் சட்டத்தைத் தம் கையெழுத்தால் ஏற்கவோ தடுக்கவோ முடியும். அந்த நாட்டின் குடியரசுத் தலைவராகப் பிறப்பாலேயே அமெரிக்கராக இருக்க வேண்டும் என்று அரசமைப்புச் சட்டம் சொல்கிறது. ஆளுநர் பதவிக்கு அந்தத் தடை இல்லை. ஆகவே கப்பலில் வந்திறங்கிய ஒருவர் அங்கே ஏறக்கூடிய உச்சப் படிகளில் ஆளுநர் பதவியும் ஒன்று. பாம்பெர்கருக்கு முந்தைய யூட்டா ஆளுநர் வில்லியம் ஸ்பிரையும் இங்கிலாந்தில் பிறந்தவரே. குடியேறியவர் ஆளுநரானது யூட்டாவுக்குப் புதுமையாக இருக்கவில்லை. புதுமை வேறிடத்தில் இருந்தது.

பாம்பெர்கரின் வெற்றியைச் சமய சகிப்புத்தன்மையின் வெற்றியாகச் சொல்வது வழக்கம். அதில் பொய் இல்லை. ஆனால் அது பாதிக் கதை. மீதிப் பாதி ஒரு கட்சியின் வாக்குக் கணக்கிலும், முப்பத்தாறு மைல் தண்டவாளத்திலும் கிடக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஹெஸ்ஸே பகுதியில் டார்ம்ஸ்டாட் நகரை ஒட்டிய எபெர்ஸ்டாட் என்ற ஊரில் 1846ஆம் ஆண்டு பிப்ரவரி 27ஆம் நாள் அவர் பிறந்தார். பதினான்கு வயதில் தனியாக அமெரிக்காவுக்குக் கிளம்பினார். சின்சினாட்டிக்குப் போகக் கொலம்பஸ் நிலையத்தில் வண்டி மாற வேண்டியவர், தூங்கிவிட்டதால் மாறாமல் போய் இண்டியானாபொலிஸில் இறங்கினார் என்றும், அங்கே ஓர் உறவினரின் கடையில் வேலைக்கு நின்றார் என்றும் அவருடைய வாழ்க்கைக் குறிப்புகள் சொல்கின்றன. பின்னாளில் ரயில் முதலாளியாகப் போகிறவர் முதல் பயணத்திலேயே வண்டியைக் கோட்டைவிட்ட இந்தச் செய்தி கொஞ்சம் மெருகேற்றப்பட்டதாகவே இருக்கலாம். இருந்தாலும் அதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. பிறகு சில ஆண்டுகள் அண்ணன் ஹெர்மனுடன் கடை வியாபாரம். உள்நாட்டுப் போர் முடிந்தபின் செயின்ட் லூயிஸில் துணி தைத்து விற்கும் தொழில். அக்காலத்தில் ஜெர்மானிய யூத இளைஞர்கள் பலர் நடந்த தடம்தான் இது.

தடம் பிரிந்தது ஒரு வாராக்கடனால். வையோமிங்கில் பீட்மான்ட் என்ற சிற்றூரில் இருந்த ஒரு வியாபாரியிடம் நிலுவைத் தொகையை வசூலிக்கப் போன பாம்பெர்கருக்குப் பணம் கிடைக்கவில்லை. ஆனால் கைக்கு ஒரு தொழில் கிடைத்தது. யூனியன் பசிபிக் ரயில் நிறுவனம் அப்போது மேற்கு நோக்கித் தண்டவாளம் போட்டுக்கொண்டிருந்தது. பாதை முன்னேற முன்னேறத் தொழிலாளர் கூட்டமும் கூடவே நகர்ந்தது. அவர்களுக்குப் படுக்க இடம் இல்லை. கூலியும் நாள் தவறாமல் வருவதில்லை. எத்தனை நாள் வேலை செய்தார்கள் என்று குறித்த சீட்டுதான் கையில் இருக்கும். பாம்பெர்கர் குடிசைகளையும் கூடாரங்களையும் போட்டு வாடகைக்கு விட்டார். கூலிச் சீட்டுகளை வட்டம் கழித்துக்கொண்டு ரொக்கம் கொடுத்து வாங்கினார். சீட்டின் முழுத் தொகை பின்னால் நிறுவனத்திடமிருந்து வரும். இடையில் உள்ள வித்தியாசம் லாபம்.

இதை எந்தக் கண்ணோடு பார்ப்பது? பசியோடு நிற்பவனின் கூலியில் வட்டம் கழித்த வியாபாரம் என்றும் சொல்லலாம். பணமே வராத இடத்தில் பணத்தைக் கொண்டுவந்து சேர்த்த வேலை என்றும் சொல்லலாம். அந்தச் சீட்டுகளின் நிலை எப்படி இருந்தது என்பதற்கு அதே பீட்மான்டிலேயே ஒரு சாட்சி உண்டு. 1869 மே மாதம், கிழக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் வந்த பாதைகளை இணைக்கும் விழாவுக்காக யூனியன் பசிபிக்கின் துணைத் தலைவர் தாமஸ் டுரான்ட் தனிப் பெட்டியில் போய்க்கொண்டிருந்தபோது, மாதக்கணக்கில் கூலி கிடைக்காத தொழிலாளர்கள் அந்த ஊரில் வண்டியை நிறுத்தி, பெட்டியைக் கழற்றி ஒதுக்கி, பணம் வந்து சேரும்வரை அவரைப் போகவிடாமல் வைத்துக்கொண்டார்கள். மே 8ஆம் நாள் யூட்டாவின் ப்ரோமன்டரியில் நடக்க வேண்டிய தங்க ஆணி விழா 10ஆம் நாளுக்குத் தள்ளிப்போனது. ரயில் கம்பெனி என்பது கூலி கொடுக்காமலும் ஓடும், கொடுக்கும்வரை நகராமலும் நிற்கும் என்ற பாடத்தை அந்த வட்டாரத்தில் கடை விரித்திருந்த ஓர் இளைஞர் கற்காமல் இருந்திருக்க முடியாது.

அங்கிருந்து அவர் யூட்டாவின் ஆக்டன் நகருக்குப் போய் ஒரு விடுதியில் பாதிப் பங்கு வாங்கினார். ஊரில் பெரியம்மை பரவியது, வண்டியில் வருகிறவர்கள் இறங்க முடியவில்லை, விடுதியும் படுத்துவிட்டது. எனவே சால்ட் லேக் சிட்டிக்கு மாறி, அங்கே விடுதி நடத்தினார். விடுதிக்காரருக்கு உள்ள பெரிய வசதி, ஊருக்குள் வரும் ஒவ்வொரு சுரங்கக்காரனின் பேச்சும் அவர் காதில் விழும் என்பது. டின்டிக் மலைப்பகுதியில் சென்டினியல் யுரேகா என்ற சுரங்கத்தில் அவர் வாங்கிய பங்கு நன்றாகப் பலித்தது. அதுவே அவருடைய செல்வத்தின் அடிப்படை.

சுரங்கத்தில் கிடைத்ததை நிலக்கரியிலும் தண்டவாளத்திலும் போட்டார். சான்பீட் பள்ளத்தாக்கில், வேல்ஸ் நாட்டிலிருந்து வந்த மோர்மன்கள் குடியேறித் தங்கள் நாட்டின் பெயரையே வைத்திருந்த ஊரில் நிலக்கரி இருந்தது. அதை வெளியே கொண்டுவர நெஃபி என்ற ஊர்வரை குறுகிய பாதை ஒன்று ஆங்கிலேய முதலீட்டாளர்களின் பணத்தோடு போடப்பட்டது. பாதை வந்தபின்தான் அந்த நிலக்கரி உலைக்கு வேண்டிய கோக் செய்ய உதவாது என்பது விளங்கியது. தொழில்துறை வரலாறுகள் வெற்றிகளையே அடுக்கும். ஆனால் பாம்பெர்கரின் பெயர் நிலைத்ததற்குக் காரணமான ரயில் பாதையும்கூட நினைத்த இடத்துக்குப் போய்ச் சேராத பாதைதான்.

1891இல் அவர் தொடங்கிய கிரேட் சால்ட் லேக் அண்ட் ஹாட் ஸ்பிரிங்ஸ் ரயில்வேயின் முதல் நோக்கம் மலைகளைக் கடந்து கோல்வில் நிலக்கரியைத் தொடுவது. யூட்டாவின் நிலக்கரியும் அதை ஏற்றிவரும் பாதையும் யூனியன் பசிபிக்கின் கைப்பிடியில் இருந்த காலம் அது. குளிர்காலத்தில் சால்ட் லேக் சிட்டியின் அடுப்பு எரிவதும் அணைவதும் அந்த நிறுவனம் வைக்கும் விலையைப் பொறுத்திருந்தது. பாம்பெர்கரின் பாதை சால்ட் லேக் சிட்டியில் தொடங்கி, நகருக்கு வெளியே உள்ள வெந்நீர் ஊற்றுகள், பவுன்டிஃபுல், ஃபார்மிங்டன் என்று ஊர் ஊராக வடக்கே நீண்டதே தவிர, கோல்விலை எட்டவில்லை. 1908இல் ஆக்டனை அடைந்தது. 1910இல் நீராவி போய் மின்சாரம் வந்தது. நிலக்கரிக்காகப் போட்ட பாதை ஆட்களை ஏற்றும் பாதையாக மாறியது. பால், பழம், பள்ளிப் பிள்ளைகள், சந்தைக்குப் போகிறவர்கள் என்று வாசாட்ச் மலையடிவாரத்து மோர்மன் கிராமங்கள் அனைத்தும் அந்த வண்டியில் ஏறி இறங்கின. மக்கள் அதை நிறுவனத்தின் நீண்ட பெயரால் அழைக்காமல் ‘பாம்பெர்கர்’ என்றே அழைத்தார்கள்.

வண்டியில் கூட்டம் சேர்க்க அவர் செய்த இன்னொரு வேலை இன்றும் கண்ணெதிரே இருக்கிறது. பெரிய உப்பேரியின் கரையில் 1886இல் திறக்கப்பட்ட லேக் பார்க் என்ற கேளிக்கை இடத்தோடு அவருக்குத் தொடர்பு இருந்தது. ஏரி ஆண்டுக்காண்டு உள்வாங்கியது. குளிக்க வந்தவர்கள் தண்ணீரைத் தொடுமுன் கால் புதையும் நீலச் சேற்றைக் கடக்க வேண்டியிருந்தது, வருவது நின்றது. பாம்பெர்கர் அங்கிருந்த கட்டடங்களைப் பெயர்த்து, தம் பாதை போகும் ஃபார்மிங்டனுக்குக் கொண்டுபோய், ஒரு குளத்தின் கரையில் நிறுவினார். 1896 ஜூலை 12ஆம் நாள் அது லகூன் என்ற பெயரில் திறக்கப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை உடுப்போடு குடும்பமாக வண்டியேறி, குளத்தில் படகு விட்டு, நடன மேடையில் ஆடி, மாலை வண்டியில் திரும்புவது இரண்டு தலைமுறை யூட்டாக்காரர்களின் பழக்கமானது.

இந்தச் சிறிய விவரத்தை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. யூட்டாவில் மோர்மன் அல்லாத முதலாளிகள் பலர் இருந்தார்கள். அவர்களில் பலருடைய பணம் மலைமேல் உள்ள சுரங்கத்தில் விளைந்தது. நகரத்தில் மாளிகையாக எழுந்தது. மோர்மன் விவசாயியின் வாழ்க்கையை அது தொடவே இல்லை. பாம்பெர்கரின் பெயரோ அந்த விவசாயியின் வயலோரத்தில் நாள்தோறும் மணியடித்துப் போனது.

இனி அரசியலுக்கு வரலாம். மோர்மன் வழக்கில், தங்கள் சபையைச் சேராதவர் யாராக இருந்தாலும் அவர் ‘புறஜாதியார்’. தமிழ் வேதாகமத்தில் யூதர் அல்லாதவரைக் குறிக்கும் அதே சொல்தான். யூட்டாவில் யூதருக்கும் அது பொருந்தியது. உலகத்திலேயே யூதர் புறஜாதியாராகும் ஒரே இடம் சால்ட் லேக் சிட்டி என்ற பழைய கேலி அதிலிருந்து பிறந்தது. அச்சொல்லுக்குப் பின்னால் கசப்பான நினைவுகளும் இருந்தன. யூட்டா இன்னும் மாநிலமாகாமல் வாஷிங்டன் ஆளுநரை நியமிக்கும் பிரதேசமாக இருந்த காலத்தில் முதல் ஆளுநராக இருந்த மோர்மன் தலைவர் பிரிகாம் யங்கை நீக்கிவிட்டு, வாஷிங்டன் அரசு 1857இல் ஆல்ஃப்ரெட் கம்மிங் என்பவரைப் படையோடு அனுப்பியது. அதன்பின் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அங்கே ஆளுநர் என்றால் மேலிருந்து வந்திறங்கும் புறஜாதியார்தான். பலதார மணத்தை ஒழிக்கும் பெயரில் சபையின் சொத்துகள் பறிமுதல் செய்யப்பட்டன. 1870 முதல் பெண்களுக்கு இருந்த வாக்குரிமையும் 1887இல் பறிக்கப்பட்டது. 1890இல் சபை புதிய பலதார மணங்களைக் கைவிட்டதாக அறிவித்தபின்பே, 1896 ஜனவரியில் யூட்டா மாநிலமானது. தங்கள் ஆளுநரைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் உரிமை இத்தனை விலை கொடுத்துக் கிடைத்தது என்றால், அந்த நாற்காலியில் மறுபடி ஒரு புறஜாதியாரை உட்கார வைக்க எளிதில் மனம் வருமா?

மாநிலமான பின்னும் பகை தணியவில்லை. மோர்மன் திருத்தூதர்களில் ஒருவரான ரீட் ஸ்மூட் செனட்டுக்குத் தேர்வானபோது அவருடைய தகுதியை எதிர்த்து வாஷிங்டனில் 1904 முதல் 1907 வரை விசாரணை நடந்தது. அதே காலத்தில் சால்ட் லேக் சிட்டியில் அமெரிக்கன் கட்சி என்ற பெயரில் மோர்மன் எதிர்ப்பே கொள்கையாக ஒரு கட்சி தோன்றி, 1905 முதல் 1911 வரை நகராட்சியையும் பிடித்து வைத்திருந்தது. அதன் பின்னணியில் இருந்தவர் சுரங்கச் செல்வரும் முன்னாள் செனட்டருமான தாமஸ் கெர்ன்ஸ். பாம்பெர்கரோ ஜனநாயகக் கட்சிக்காரராக நகரப் பள்ளிக் குழுவிலும், 1903 முதல் 1907 வரை மாநிலச் செனட்டிலும் அமர்ந்திருந்தார். புறஜாதியார் பலர் மோர்மன்களுக்கு எதிரே கச்சைகட்டி நின்ற ஆண்டுகளில், அவர் எதிரியாக அடையாளம் பெறவில்லை. பிற்பாடு இதுவே முதலீடாக நின்றது.

1916இல் ஜனநாயகக் கட்சியின் கணக்கு இப்படி இருந்தது. யூட்டா குடியரசுக் கட்சியின் கோட்டை. 1912 குடியரசுத் தலைவர் தேர்தலில் நாடு முழுவதும் தோற்ற குடியரசுக் கட்சியின் டாஃப்ட் வென்ற மாநிலங்கள் இரண்டே. ஒன்று வெர்மான்ட், மற்றொன்று யூட்டா. ஆனால் ஆளுநர் ஸ்பிரை 1915இல் மதுவிலக்குச் சட்டத்தைத் தடுத்துவிட்டதால், மது தொடாத மோர்மன் வாக்காளர்களுக்கு அவர்மேல் கோபம். செனட்டர் ஸ்மூட்டின் கையில் இருந்த குடியரசுக் கட்சி இயந்திரம் புறஜாதி வணிகர்களைப் பகைத்துக்கொள்ளாமல் இருக்க மதுவிலக்கைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தது என்ற எண்ணமும் பரவியிருந்தது. குடியரசுக் கட்சி நிலைமையை உணர்ந்து ஸ்பிரையை ஒதுக்கிவிட்டு, மதுவிலக்கு ஆதரவாளரான நெஃபி மாரிஸ் என்ற மோர்மன் பிரமுகரை நிறுத்தியது. எதிர்முனையில் இன்னொரு மோர்மனை நிறுத்தினால் போட்டி சமமாகலாம். வெற்றிக்கு அது போதாது. ஜனநாயகக் கட்சி மோர்மன்களின் வாக்கு எப்படியும் வரும், அதோடு நகரத்துப் புறஜாதி வாக்கையும் சேர்க்கக்கூடிய வேட்பாளர் தேவைப்பட்டார்.

கட்சி மாநாட்டில் பாம்பெர்கரின் பெயரை முன்மொழிந்தவர் பி. எச். ராபர்ட்ஸ். அவரும் இங்கிலாந்தில் பிறந்து வந்தவர், மோர்மன் சபையின் உயர்பொறுப்பாளர்களில் ஒருவர், சிறந்த பேச்சாளர். 1898இல் அமெரிக்கக் காங்கிரசுக்குத் தேர்வாகியும், பலதார மணத்தின் பெயரால் அவை அவரை உட்காரவிடாமல் திருப்பி அனுப்பியது. சமயம் காரணமாகத் தாம் வாசலில் நிறுத்தப்பட்டவர், தம் சமயத்தார் வேறு சமயத்தவரை வாசலில் நிறுத்தக் கூடாது என்று வாதாடியபோது அந்த வாதத்துக்குத் தனி எடை இருந்தது. சகிப்புத்தன்மை இக்கதையில் உண்மையாகவே ஒளிரும் இடம் அந்த மேடை. ஆனால் அந்த மேடையில் இருந்தவர்கள் வாக்கையும் எண்ணிக்கொண்டிருந்தார்கள் என்பதைச் சேர்த்துச் சொல்வதால் ராபர்ட்ஸின் பெருமை குறைந்துவிடாது.

அந்தப் பிரசாரத்தைப் பற்றி யூட்டாவில் இன்றும் சொல்லப்படும் ஒரு கதை உண்டு. நார்வேயிலிருந்து வந்து குடியேறிய மோர்மன்கள் நிறைந்த ஒரு தொலைவூருக்கு வேட்பாளர் ரயிலில் போய் இறங்கினாராம். ஊர்ப் பெரியவர் ஒருவர், ஆள் வாட்டசாட்டமானவர், நிலையத்திலேயே வழிமறித்து, பாழாய்ப்போன புறஜாதியார் யாரையும் எங்கள் கூட்டத்தில் பேசவிட மாட்டோம், வந்த வண்டியிலேயே திரும்பிப் போகலாம் என்றாராம். யூதனாகப் பிறந்து எத்தனையோ வசவு கேட்டிருக்கிறேன், புறஜாதியான் என்று ஒருவர் திட்டுவது இதுதான் முதல் தடவை என்றாராம் பாம்பெர்கர். உடனே பெரியவரின் முகம் மாறி, இவர் புறஜாதியார் இல்லை, இஸ்ரவேலர் என்று கூட்டத்தைப் பார்த்துக் கூவி, வருங்கால ஆளுநரே வருக என்று தோளில் கைபோட்டு அழைத்துப் போனாராம். சொல்லச் சொல்ல வளர்ந்த கதை என்பது கேட்கும்போதே தெரிகிறது. ஆனாலும் அதன் முடிச்சு உண்மையானது: மோர்மன்கள் தங்களை இஸ்ரவேலின் கோத்திரங்களைச் சேர்ந்தவர்களாகக் கருதுகிறவர்கள், ஆகையால் மற்றப் புறஜாதியாருக்கு இல்லாத ஓர் இடுக்கு வழி யூதருக்கு அவர்கள் மனத்தில் இருந்தது.

அந்தத் தேர்தலில் அலையும் கூட வீசியது. போரிலிருந்து நாட்டை விலக்கி வைத்தவர் என்ற பெயரோடு நின்ற ஜனநாயகக் கட்சிக் குடியரசுத் தலைவர் வுட்ரோ வில்சன் யூட்டாவைப் பெரும் வித்தியாசத்தில் வென்றார்; செனட்டராக இருந்த ஜார்ஜ் சதர்லேண்டை ஜனநாயகக் கட்சியின் வில்லியம் கிங் தோற்கடித்தார்; சட்டமன்றமும் அக்கட்சியின் கைக்கு வந்தது. பாம்பெர்கர் அலையில் மிதந்து வந்தவர் என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் அலை வரும்போது படகில் இருப்பவர் யார் என்பதை ராபர்ட்ஸின் மாநாடு முன்பே முடிவு செய்திருந்தது.

1917 ஜனவரியில் அவர் பொறுப்பேற்ற தலைமைச் செயலகக் கட்டடம் அப்போதுதான் கட்டி முடிந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அதைக் கட்டப் பணம் வந்த வழி சுவையானது: யூனியன் பசிபிக்கின் தலைவராக இருந்து 1909இல் இறந்த ஹாரிமனின் சொத்தின்மீது விதிக்கப்பட்ட வாரிசு வரியாக 7,98,546 டாலர் யூட்டா அரசுக்குக் கிடைத்தது, அதைக் கொண்டுதான் வேலை தொடங்கியது. எந்த நிறுவனத்தின் கூலிச் சீட்டை வாங்கிப் பிழைப்பைத் தொடங்கினாரோ, எந்த நிறுவனத்தின் நிலக்கரிப் பிடியை எதிர்த்துப் பாதை போடக் கிளம்பினாரோ, அதன் தலைவர் விட்டுச்சென்ற செல்வத்தில் எழுந்த கட்டடத்தில் பாம்பெர்கர் ஆளுநராக உட்கார்ந்தார்.

அவர் கையெழுத்திட்ட சட்டங்களில் மக்கள் பேசியது மதுவிலக்கை. பல காலம் விடுதியும் கேளிக்கைப் பூங்காவும் நடத்தியவரிடம் யாரும் அதை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் வாக்குக் கொடுத்திருந்தார், பதவியேற்ற சில வாரங்களிலேயே கையெழுத்திட்டார். 1917 ஆகஸ்ட் 1 முதல் யூட்டாவில் மது இல்லை. இச்சட்டத்தின் பிற்கதை வேடிக்கையானது: 1933 டிசம்பரில் நாடு தழுவிய மதுவிலக்கை முடிவுக்குக் கொண்டுவரத் தேவைப்பட்ட முப்பத்தாறாவது மாநில ஒப்புதலைக் கொடுத்தது அதே யூட்டா.

எனக்கு மதுவிலக்கைவிட முக்கியமாகத் தோன்றுபவை வேறு இரண்டு. முதலாவது, ரயில், மின்சாரம், தொலைபேசி போன்ற பொதுப் பயன்பாட்டு நிறுவனங்களின் கட்டணத்தையும் சேவையையும் கண்காணிக்க 1917இல் அமைக்கப்பட்ட ஆணையம். அந்த நிறுவனங்கள் அரசு அலுவலர்களுக்கு அன்பளிப்பு கொடுப்பதும் தடுக்கப்பட்டது. இலவசப் பயணச் சீட்டை ரயில் கம்பெனிகள் அரசியல்வாதிகளுக்கு வாரி வழங்கிய காலத்தில், ஒரு ரயில் கம்பெனிக்காரரே அதற்கு முடிவு கட்டினார். அவருடைய நிறுவனம் பாம்பெர்கர் எலெக்ட்ரிக் ரயில்ரோடு என்ற பெயரைப் பெற்றதும் அதே 1917இல்தான். தம் பெயர் எழுதிய வண்டியைத் தாமே அமைத்த ஆணையத்தின்கீழ் கொண்டுவந்தார் என்று பாராட்டலாம். அதே நேரத்தில், காலூன்றிவிட்ட நிறுவனத்துக்கு இத்தகைய ஒழுங்குமுறை ஒரு வேலியாகவும் பயன்படும் என்பதை மறக்கக் கூடாது. கட்டணப் போர் நடத்திப் புதிதாக ஒருவர் நுழைவது கடினமாகிறது. அவர் அதை எண்ணித்தான் செய்தார் என்று சொல்ல ஆதாரம் இல்லை. கணக்குத் தெரிந்த முதலாளிக்கு அது தோன்றியிருக்காது என்று சொல்வதும் கடினம்.

இரண்டாவது, தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமும் அதை நடத்தத் தொழில் ஆணையமும். அதன் மதிப்பை இரண்டு சுரங்க விபத்துகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விளங்கும். 1900 மே 1ஆம் நாள் யூட்டாவின் ஸ்கோஃபீல்டில் வின்டர் குவார்ட்டர்ஸ் சுரங்கம் வெடித்து 200 பேர் இறந்தார்கள். இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் நிறுவனம் 500 டாலர் கொடுத்தது. கம்பெனிக் கடையில் இருந்த பாக்கியைத் தள்ளுபடி செய்தது. அது முதலாளியின் மனமுவந்த கொடை, உரிமை அன்று. 1924 மார்ச் 8ஆம் நாள் காசில் கேட் சுரங்கத்தில் 171 பேரும், மீட்கப் போன ஒருவரும் இறந்தபோது, 1917ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தது. இறந்தவரைச் சார்ந்து வாழ்ந்த ஒவ்வொரு குடும்பத்துக்கும் வாரம் 16 டாலர் வீதம் ஆறு ஆண்டுகள், மொத்தம் ஏறக்குறைய 5,000 டாலர் சட்டப்படி கிடைத்தது. இறந்தவர்களில் கிரேக்கரும் இத்தாலியரும் ஜப்பானியரும் இருந்தார்கள். பாம்பெர்கர் அப்போது பதவியில் இல்லை. கூலிக்காரனின் சீட்டை வட்டம் கழித்து வாங்கிய இளைஞரும் இந்தச் சட்டத்தில் கையெழுத்திட்ட முதியவரும் ஒரே ஆள்தான்.

அவர் பொறுப்பேற்ற மூன்று மாதத்தில் அமெரிக்கா ஜெர்மனியோடு போரில் இறங்கியது. ஜெர்மனியில் பிறந்த ஆளுநர் யூட்டாவின் இளைஞர்களைத் திரட்டி அனுப்ப வேண்டிய நிலை. தலைநகரை ஒட்டிய டக்ளஸ் கோட்டையில் ஜெர்மானியக் கடற்படைக் கைதிகளும், எதிரிநாட்டார் என்று முத்திரை குத்தப்பட்டவர்களும் முள்வேலிக்குள் வைக்கப்பட்டிருந்தார்கள். நாடெங்கும் ஜெர்மானியப் பெயர் கொண்டவர்கள்மீது ஐயம் படிந்த நாள்களில் அவர் தம் பெயரை மாற்றிக்கொள்ளவும் இல்லை, வண்டியிலிருந்து அழிக்கவும் இல்லை. மாநிலத்தின் தேசியக் காவல் படையினர் பிரான்சுக்குப் போனபோது அவர்களோடு சமய குருவாகப் போனவர் ராபர்ட்ஸ்.

போர் முடியும் தறுவாயில் 1918 அக்டோபரில் இன்ஃபுளுவென்சா வந்தது. கூட்டங்கள் தடை செய்யப்பட்டன. நவம்பரில் மோர்மன் சபைத் தலைவர் ஜோசப் எஃப். ஸ்மித் இறந்தபோது பொது இறுதிச்சடங்குகூட நடத்த முடியவில்லை. ஆக்டன் நகரம் தன் வாசலை அடைத்துக்கொண்டது. சால்ட் லேக் சிட்டியிலிருந்து வருகிறவர் நோயில்லை என்று மருத்துவர் எழுதிய சான்றைக் காட்டினால்தான் உள்ளே வரலாம் என்றது. ஐம்பது ஆண்டுகளுக்குமுன் அம்மையால் அடைபட்ட அதே ஆக்டன். அப்போது விடுதியை இழந்தவருக்கு இப்போது அந்த ஊருக்கு ஓடும் ரயிலும், அந்த ஊர் அடங்கிய மாநிலமும் பொறுப்பில் இருந்தன.

1919 அக்டோபரில் சிறப்புக் கூட்டத்தொடர் கூட்டப்பட்டு, பெண்களுக்கு வாக்குரிமை தரும் அரசமைப்புத் திருத்தத்தை யூட்டா ஏற்றது. தன் பெண்களுக்கு அந்த உரிமையை மாநிலமானபோதே அது திருப்பிக் கொடுத்திருந்தது. 1920இல் பாம்பெர்கர் மறுபடி போட்டியிடவில்லை. அந்த ஆண்டு நாடெங்கும் குடியரசுக் கட்சி வாரிச் சுருட்டியது. யூட்டாவில் சார்லஸ் மேபி ஆளுநரானார். பாம்பெர்கர் 1926 அக்டோபர் 6ஆம் நாள் காலமாகி, சால்ட் லேக் சிட்டியின் யூத இடுகாட்டில் அடக்கமானார். மகன் ஜூலியன் நடத்திவந்த ரயிலில் 1952இல் பயணிகள் சேவை நின்றது. 1958 முடிவோடு பாதையே மூடப்பட்டது. அரை நூற்றாண்டு கழித்து, 2008இல், அரசே பொதுப்பணத்தில் அதே இரு நகரங்களுக்கிடையே பயணிகள் ரயிலை மறுபடி ஓட்டத் தொடங்கியது. லகூன் பூங்கா மட்டும் இடைவிடாமல், போர்க்காலச் சில ஆண்டுகள் நீங்கலாக, இன்றுவரை நடக்கிறது.

அவர் இறப்பதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் நடந்த தேர்தல் ஒன்றைச் சொல்ல வேண்டும். 1924இல் குடியரசுத் தலைவர் தேர்தலில் யூட்டா மறுபடி குடியரசுக் கட்சிப் பக்கம் சாய்ந்து அதன் வேட்பாளர் கூலிட்ஜுக்கு வாக்களித்தது. ஆனால் ஆளுநர் மேபியைத் தோற்கடித்தது. வென்றவர் ஜார்ஜ் டெர்ன்: மோர்மன் அல்லர், ஜனநாயகக் கட்சிக்காரர், பாம்பெர்கர் ஆளுநராக இருந்தபோது மாநிலச் செனட்டில் இருந்தவர், தொழிலால் சுரங்கக்காரர். அந்த மாநிலத்தின் முதல் இரண்டு ஜனநாயகக் கட்சி ஆளுநர்களும் சபைக்கு வெளியே நின்ற சுரங்க முதலாளிகள். ராபர்ட்ஸின் மாநாட்டில் போட்ட கணக்கை எட்டு ஆண்டு கழித்து யூட்டா மறுபடி போட்டுப் பார்த்தது. விடை அப்படியே வந்தது.